மேடையில் கொடுத்த என்வலப்

கோலியர்ஸ் வுட், லண்டன்
18.01.2009

அன்புள்ள மகன் சுஜீத்துக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பெரியப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெரியப்பாவின் நடமாட்டம் கதிரைக்கும் குசினிக்கும் இடையில்தான் என்பதால் அவருடைய சுகத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "ஓம் பெரியம்மா, இல்லை பெரியம்மா" என்று முடித்துவிடுகிறாய். மிச்ச நேரத்துக்குப் பெரியப்பா போனைப் பறித்து வைத்துக்கொண்டு பந்துக் கதை கதைக்கிறார். தாயையும் தகப்பனையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது வயதில் ஹீத்ரோவில் என் கையைப் பிடித்த நாளிலிருந்து நீ கதை குறைந்த பிள்ளைதான். அதனால் எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன பஸ் காசுக்காவது நீ எழுத வேண்டும். பிழை வந்தால் பயப்படாதே. இங்கே திருத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

நீ அனுப்பிய படம் வந்தது. உங்கள் பல்கலைக்கழகக் கடையில், நீ உதைபந்து ஆடும்போது போடுகிற பதினொன்றாம் இலக்கச் சேட் தொங்குகிற படம். பெயர் இல்லை, இலக்கம் மட்டும் இருக்கிறது. ஹோட்டல் லாண்டரியில் என்னோடு வேலை செய்யும் மயூராவிடம் காட்டினேன். "அக்கா, அறுபது டொலர் எண்டு போட்டுக் கிடக்கு" என்றாள். பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனுக்கு ஒரு சேட்டுக்கு அஞ்சு டொலராவது வரும்" என்று கதிரையை விட்டு எழுந்தே விட்டார். அவரை எழுப்பியதற்காகவே உனக்கு நன்றி.

மறைக்காமல் சொல்லு. ஒரு சேட்டுக்கு உனக்கு எவ்வளவு?

குளிருக்குள் தலைக்குத் தொப்பி இல்லாமல் ஓடாதே.

என்றும் உன்னை நினைக்கும்
பெரியம்மா மெற்றில்டா


ஒஹையோ, அமெரிக்கா
11.02.2009

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். உங்கள் மணிக்கட்டு நோவு குறைந்ததா?

சேட்டுக்கு எனக்கு ஒன்றும் இல்லை. இதைப் போனில் சொன்னால் பெரியப்பா சத்தம் போடுவார் என்றுதான் சொல்லவில்லை.

இங்கே எங்களுக்குப் படிப்பும் அறையும் சாப்பாடும் இலவசம். அதற்காக உதைபந்து விளையாடுகிறோம். அதற்கு மேல் ஒரு சதமும் வாங்கக் கூடாது. இது பல்கலைக்கழகத்தின் சட்டம் மட்டும் இல்லை, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்த சட்டம். கிழமைக்கு முப்பது மணித்தியாலம் பயிற்சி. ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேர் ரிக்கற் எடுத்து வருகிறார்கள். பயிற்சி முடிந்து வரும்போது சாப்பாட்டுச் சாலை பூட்டியிருந்தால் பாணும் வெண்ணெயும்தான்.

போன வருடம் என் அறையில் இருந்தவனுக்கு, அவன் ஆட்டத்தை விரும்பும் ஒரு கடைக்காரர் ஊருக்குப் போக விமான ரிக்கற் எடுத்துக் கொடுத்தார். அவனுடைய அம்மா வருத்தமாகி ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்த்துவிட்டு வந்தான். வந்தபோது அணியில் பெயர் இல்லை. கோடை விடுமுறைக்கு முன்னர் படிப்பும் இல்லை. காசு தொட்டால் எல்லாம் முடிந்தது.

எனக்கும் இது நியாயமாகத் தெரியவில்லை, பெரியம்மா. ஆனால் இன்னும் இரண்டு வருடம் இருந்தால் நான் எஞ்சினியர். அதுவரை பொறுத்துக்கொள்வேன்.

எழுத்துப்பிழைகளுக்கு மன்னிக்கவும்.

உங்கள் அன்பு
சுஜீத்


கோலியர்ஸ் வுட்
08.03.2009

என் மகன் சுஜீத்துக்கு,

உன் சுகம் கண்டு சந்தோஷம். எங்கள் சுகம் உன் கடிதம் வரும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாசித்த பிறகு எனக்கு நெஞ்சு எரிகிறது. பெரியப்பா அது நான் வைத்த மீன்குழம்பு என்கிறார்.

பாணும் வெண்ணெயுமோ? நான் கேட்கிறேன், உங்கள் கோச்சுக்குச் சம்பளம் உண்டோ இல்லையோ? புல்லு வெட்டுகிறவனுக்கு? ரிக்கற் கிழிக்கிறவளுக்கு? எல்லாருக்கும் உண்டு. பந்தை உதைக்கிறவனுக்கு மட்டும் சோறும் பாடமும். நாளைக்கு எங்கள் மனேஜர் வந்து, "மெற்றில்டா, உமக்கு இனிச் சம்பளம் இல்லை. நீர் தோய்க்கிற பெட்சீற்றிலை நீரே படுத்து எழும்பலாம்" என்று சொன்னால் நான் சும்மா விடுவேனோ?

"அவங்கள் படிப்புக் குடுக்கிறாங்களெல்லோ, அதுவும் காசுதானே" என்றார் பெரியப்பா.

"அப்ப உங்களுக்கும் இனிச் சாப்பாடு மட்டும்தான். பென்சனை என்னட்டைத் தாங்கோ" என்றேன். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் பத்மநாதன் அண்ணை நேற்று வந்தார். அறுபது வயதிலும் அரைக்காற்சட்டையோடு வருகிற மனிசன். யூலையில் இங்கே லண்டனில் ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டி. "சுஜீத் வந்து ஒரு ஆட்டம் ஆடினால் போதும், மற்றக் கழகக்காரர் வீட்டிலை நிண்டிடுவினம்" என்கிறார். லீவுக்கு வரும்போது விளையாடுவாயோ? எழுது.

மணிக்கட்டு பரவாயில்லை. என் வாய்க்கு ஒரு நோவும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அன்பு முத்தங்களுடன்
பெரியம்மா


கோலியர்ஸ் வுட்
26.05.2009

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் கை போகவில்லை.

ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி, வேலை முடிந்து நேரே இங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். ஒரு மாதத்துக்கு மேல். கால் வீங்கிவிட்டது. பெரியப்பா டிவியை நிற்பாட்டிவிட்டுச் சும்மா கதிரையில் இருக்கிறார். ஊரில் என் மச்சாள் வீட்டில் ஏழு பேர். அகதி முகாமிலிருந்து வந்த பட்டியலில் மூன்று பெயர்தான் இருக்கிறது.

சுற்றுப்போட்டி வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். பத்மநாதன் அண்ணைதான், மேளதாளம் இல்லாமல் வைப்போம், மைதானத்தைச் சுற்றி உண்டியல் வைத்து முகாம் சனத்துக்கு அனுப்புவோம் என்று நிற்கிறார். நீ வா. உன்னைப் பார்த்தால் போதும்.

இம்முறை பகிடி ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள்.

பெரியம்மா


ஒஹையோ
14.06.2009

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கால் வீக்கம் எப்படி? வெந்நீரில் வைத்துக்கொண்டு இருங்கள். இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதவே ஒரு மாதிரியாக இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் இதைக் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை. தனியாகத்தான் செய்தி பார்த்தேன்.

யூலை பத்தாம் திகதி வருகிறேன். ஊர்க் கழகத்துக்கு விளையாடுவேன். லீவில் அப்படி விளையாடலாமா என்று கோச்சிடம் கேட்டேன். காசு இல்லாமல் விளையாடினால் பரவாயில்லை என்றார். பத்மநாதன் மாமாவிடம் வடிவாகச் சொல்லிவிடுங்கள்: பரிசு வேண்டாம், சங்கிலி வேண்டாம், ஒரு சோடாவுக்குக்கூட அவர் காசு கொடுக்கக் கூடாது.

பகிடிக்குச் சொல்லவில்லை, பெரியம்மா. இதை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு
சுஜீத்


கோலியர்ஸ் வுட்
16.08.2009

அன்பு மகன் சுஜீத்துக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய். உன் கட்டிலை இன்னும் மடிக்கவில்லை. பெரியப்பா அதில் படுத்துக்கொண்டு, "ஒரு மாதம் பெடியன் இருந்தது கனவு மாதிரி" என்கிறார். அவர் கனவு காணுகிற சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது.

நீ முகத்தை நீட்டிக்கொண்டு போனதை நான் கவனிக்காமல் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சுற்றுப்போட்டி முடிந்து மேடையில் பொன்னாடை போர்த்தினபோது தலை குனிந்து வாங்கிக்கொண்டாய். நான் காசு என்வலப்பை எடுத்ததும் என் காதுக்குள், "பெரியம்மா, வேண்டாம் எண்டு எழுதினனான்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "அம்பது குடும்பம், ராசா. மேடையிலை நிண்டு ஆருக்குத் திருப்பிக் குடுக்கப்போறாய்? வாங்கு, சிரி." வாங்கினாய், சிரிக்கவில்லை. மகன், அந்தக் கடைக்காரன் உன் நண்பனுக்குக் கொடுத்தது வேறு. அவன் பிறத்தியான். நாங்கள் உன் ஆட்கள். சாமத்திய வீட்டில், கலியாண வீட்டில் கையில் வைப்பதில்லையோ? அதைப் போலத்தான். முகாமுக்குச் சேர்த்தது தனி. உனக்கு நான் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பவுண் என்று சேர்த்தேன். இந்த வருடம் எங்கள் சனம் கைதட்டிய ஒரே நாள் அது. அதற்காகவாவது முகத்தைச் சுருக்காமல் இரு. அந்தக் காசில் நல்ல சப்பாத்து வாங்கு.

இப்போது நல்ல சேதி. தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. நான் கொடுக்கிறேன், நீ வாங்குகிறாய், என் சேலை வடிவாகத் தெரிகிறது. அதை வெட்டி உன் கோச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். மயூராதான் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"எழுது. ஐயா, நாங்கள் பெட்சீற் தோய்க்கிற சனம். எண்டாலும் எங்கடை பிள்ளை ஒரு நாள் விளையாடினதுக்கு ஐந்நூறு பவுண் குடுத்தனாங்கள். நீங்கள் ரெண்டு வருசத்துக்கு என்ன குடுத்தனீங்கள்?"

மயூரா பேனையை வைத்துவிட்டாள். "அக்கா, இது சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு."

"சண்டை இல்லையடி. அந்தாளை வெக்கப்பட வைக்கிறது."

"சுஜீத்திட்டை ஒருக்காக் கேட்டிட்டு அனுப்புவமே?"

"கேட்டால் வேண்டாம் எண்டுவான். அவன் பச்சைத் தண்ணியையும் வேண்டாம் எண்டுற பிள்ளை."

கொஞ்சம் பதமாக எழுதி முடித்தாள். போன திங்கட்கிழமை தபாலில் போட்டேன். பார், வெட்கத்திலாவது ஏதாவது தருவார்கள்.

உன் பெயரில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

பெரியம்மா மெற்றில்டா


கோலியர்ஸ் வுட்
20.09.2009

மகன் சுஜீத்துக்கு,

நாங்கள் நலம், நீ எங்கே? ஐந்து கிழமையாகக் கடிதமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போனும் இல்லை. ஒரே ஒரு தரம் எடுத்தாய், அதுவும் நான் வேலையில் நிற்கிற நேரம் பார்த்து. பெரியப்பாவிடம் கேட்டால், "முழங்கால் நோ எண்டான், பிறகு வைச்சிட்டான்" என்கிறார். எந்தக் கால் என்று கேட்டேன். வலது என்கிறார். வேறு ஒன்றும் கேட்கத் தெரியாத மனிசன்.

கோச் என்ன சொன்னார்? பதில் எழுதக் கைக்கூலி கேட்கிறாரோ?

ஆட்டம் தொடங்கியிருக்குமே. எத்தனை கோல்?

காத்திருக்கும்
பெரியம்மா


ஒஹையோ
09.10.2009

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பிந்தி எழுதுவதற்கு மன்னிக்கவும். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே? குளிர் தொடங்கியிருக்கும், மணிக்கட்டுக்குத் துணி சுற்றுங்கள்.

இந்த முறை நான் விளையாடவில்லை. இடது முழங்காலில் நோ. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆறுதல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கோல் ஒன்றும் இல்லை.

பத்திரிகைத் துண்டும் கடிதமும் வந்து சேர்ந்தன. கோச் வாசித்தார். நல்ல ஆங்கிலம் என்றார். மயூரா அன்ரிக்குச் சொல்லுங்கள். உங்கள் சேலையும் வடிவு. இன்னொரு கடிதம் அவருக்கு எழுத வேண்டாம். அவருக்கு வேலை அதிகம்.

படிப்பு நன்றாகப் போகிறது.

உங்கள் அன்பு
சுஜீத்


கோலியர்ஸ் வுட்
25.10.2009

அன்பு மகனுக்கு,

கடிதம் கண்டு உயிர் வந்தது. நாங்கள் சுகம்.

போனில் பெரியப்பாவுக்கு வலது முழங்கால், கடிதத்தில் எனக்கு இடது. உனக்கு எத்தனை முழங்கால், மகன்? ஒன்று அவருக்குக் காது இல்லை, அல்லது நீ என்னை ஏய்க்கிறாய். அவருக்குக் காது இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன். சூடாக்கிப் பூசு. வைத்தியச் செலவு ஆர் தருகிறது? எனக்கு மணிக்கட்டு வீங்கியபோது லாண்டரியில் ஆறு கிழமை அரைச் சம்பளம் தந்தார்கள். அதற்கே நான் அவர்களை ஏசினேன். நீ அவர்களுக்காக ஓடித் தேய்த்த காலுக்கு என்ன தருகிறார்கள்? ஒன்றும் இல்லை என்று எழுதப்போகிறாய். எழுதாதே, எனக்கு நெஞ்செரியும்.

அந்த ஐந்நூறு பவுணை எடுத்து நல்ல டொக்டரிடம் காட்டு. சப்பாத்தும் வாங்காமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதோ? கஞ்சப் பிள்ளை.

டிசம்பரில் நத்தாருக்கு வருகிறாய்தானே?

பெரியம்மா


ஒஹையோ
18.11.2009

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எண்ணெய்ப் போத்தல் உடையாமல் வந்தது. முழங்கால் சுகம். இரண்டும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்களுக்கு ஒரு புதினம். எனக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு எங்கள் மைதானத்தின் இருக்கைகளைக் கூட்டித் துப்புரவாக்கும் வேலை. மணிக்கு எட்டு டொலர். வேலைக்குக் கூலி வாங்கலாம், அது சட்டத்துக்குள் வரும். இரண்டு வருடம் கீழே புல்லில் ஓடியபோது இந்த மைதானத்தில் எனக்கு ஒரு சதமும் வரவில்லை. மேலே நின்று சோளப்பொரியைக் கூட்டினால் வருகிறது. உங்களைப் போல எழுதிப் பார்த்தேன். பகிடியாக வந்திருக்கிறதா தெரியவில்லை.

போன சனிக்கிழமை நாங்கள் வென்றோம். அவர்கள் வென்றார்கள். ஒரு தகப்பனும் சின்ன மகளும் என்னை அடையாளம் கண்டு, ஏன் கூட்டுகிற தும்புத்தடியோடு நிற்கிறாய் என்று கேட்டார்கள். முழங்கால் என்றேன். அந்தப் பிள்ளை தன்னிடம் இருந்த இனிப்பை நீட்டியது. வாங்கினேன். இப்போது வாங்கலாம்.

ஐந்நூறு பவுணைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது நல்ல இடத்தில் இருக்கிறது.

நத்தாருக்குக் கட்டாயம் வருவேன்.

உங்கள் அன்பு
சுஜீத்


கோலியர்ஸ் வுட்
06.12.2009

மகன் சுஜீத்துக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, இருவரும் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பயந்துவிடுவாய்.

செவ்வாய்க்கிழமை உன் கோச்சின் கடிதம் வந்தது. என் பெயருக்கு. சம்பளம் தருவதாகத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து லாண்டரிக்குக் கொண்டு போனேன். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "மயூரா, சத்தமாக வாசி" என்றேன். அவள் இரண்டு வரி மனதுக்குள் வாசித்துவிட்டு, "அக்கா, வெளியிலை வாங்கோ" என்றாள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

என் கடிதத்தையும் படத்தையும் கண்ட பிறகு அதை மேலிடத்துக்குக் காட்டாமல் இருக்கத் தனக்கு வழி இருக்கவில்லையாம். விளையாடியதற்குக் காசு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே. ஓகஸ்ட் முடியமுன்னர் உன்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தத் தவணையோடு படிப்புக் காசும் நிற்கிறது. அந்த என்வலப்பைப் பிரிக்காமலே மைதானத்து முகாம் உண்டியலில் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னாயாம். கண்ட சாட்சியிடம் எழுதி வாங்கி வா, ஒக்டோபர் முப்பதுக்குள் தந்தால் கொஞ்ச ஆட்டத்துக்குத் தடை போட்டு, மன்னித்துத் திரும்ப எடுக்க இடமுண்டு என்றார்களாம். பெரியம்மாவிடம் நானே கேட்கட்டுமா என்று கோச் கேட்டாராம். நீ வேண்டாம் என்றாயாம். அவ விருப்பத்தோடு செய்தது, அவவுக்குத் தெரிய வேண்டாம் என்றாயாம். என் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தது மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் உன்னைக் கேட்காமல் எழுதுகிறேன் என்று முடித்திருக்கிறார். நல்ல மனிசன். நான் வெட்கப்பட வைக்கப் போன மனிசன்.

நேரே பத்மநாதன் அண்ணையின் கடைக்குப் போனேன்.

"ஓம் மெற்றில்டா. உண்டியலைத் திறக்க எங்கடை கழகத்து என்வலப் ஒண்டு ஒட்டினபடி கிடந்தது. ஐந்நூறு. தம்பி போடேக்கை எனக்குக் காட்டிச் சொன்னவன், பெரியம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அவவுக்கு மனம் நோகும் எண்டு."

"சொல்லியிருக்கலாமே அண்ணை."

"நல்ல காரியம்தானே எண்டு விட்டிட்டன். அவன் ஒரு கடிதம் கேட்டிருந்தால் அண்டைக்கே எழுதிக் குடுத்திருப்பன்."

நீ அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. கேட்டால் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருப்பார். அவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி, கழகத்து முத்திரையும் குத்தி, இதோடு வைத்திருக்கிறேன். திகதி முடிந்தது தெரியும். கொடுத்துப் பார்.

நீ காசு தொட்டால் முடிந்தது என்று பெப்ரவரியில் எழுதினாய். யூனில் திரும்ப எழுதினாய். மேடையில் காதுக்குள்ளும் சொன்னாய். மூன்று தரம். எனக்கு விளங்காமல் இல்லை. அந்தச் சட்டம் பிழை, பிழையான சட்டம் என் பிள்ளையில் ஏன் படவேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அது பிழை என்றுதான் நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

ஒக்டோபரில் உன்னைக் கஞ்சப் பிள்ளை என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு எண்ணெய் வந்தது என்று பதில் எழுதியிருக்கிறாய்.

மன்னிப்பு என்று நான் எழுதினால் பரவாயில்லை பெரியம்மா என்று எழுதிவிடுவாய். அதனால் எழுதவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். இங்கே ஒருவரும் என்னை ஏசுகிறார்கள் இல்லை. பெரியப்பா தேத்தண்ணி போட்டுத் தருகிறார். மயூரா என் பங்கு பெட்சீற்றையும் சேர்த்து மடிக்கிறாள். பத்மநாதன் அண்ணை மீன் கொடுத்துவிடுகிறார். செத்த வீட்டுக்காரி மாதிரி என்னைப் பார்க்கிறார்கள். எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. நீயாவது என்னை ஏசு, மகன். ஒரு பக்கத்துக்கு எழுது. நான் வாசிக்கிறேன்.

பெரியம்மா


ஒஹையோ
14.12.2009

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். இல்லை என்றார். சாப்பிடுங்கள்.

பத்மநாதன் மாமாவின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் வைத்து இரண்டு பேர் வாசித்தார்கள். நல்ல கடிதம், முன்னரே வந்திருந்தால் உதவியிருக்கும் என்றார்கள். ஒருவர் எழுந்து நின்று கை தந்தார்.

ஏசச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு நாள் இருந்து பார்த்தேன். ஒரு கோபம் இருந்தது, அது உண்மை. செப்டெம்பரில் இருந்தது. அப்போது எழுதியிருந்தால் ஒரு பக்கம் வந்திருக்கும். அதனால்தான் அப்போது எழுதவில்லை. இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

இருபத்தோராம் திகதி காலை ஏழரைக்கு ஹீத்ரோவில் இறங்குகிறேன். ரெயிலில் வர ஏலாது. பத்மநாதன் மாமாவின் வான் வண்டியைக் கேட்டு வையுங்கள். புத்தகம், போர்வை, கேத்தில் எல்லாம் கட்டிவிட்டேன். பெட்டி நாலு இருக்கிறது.

உங்கள் அன்பு
சுஜீத்